ஒளிந்திருப்பவனின் ஒழுக்கம்

"மானைச் சுட்டுத் தள்ளப் போறவனுக்கு மரப்பட்டை மேல என்ன அக்கறை வேண்டிக்கிடக்கு?"

இந்தக் கேள்வியைப் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். அங்கே பொது நிலத்தில் வேட்டைக்குப் போகிறவர் மரத்தில் ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது. தான் உட்காரும் பரணை மரத்துக்குக் காயம் படாமல் கட்ட வேண்டும், காயம் படாமல் மறைக்க வேண்டும், காலம் முடிந்ததும் கழற்றிக்கொண்டு போக வேண்டும். இதை ஊரில் சொன்னால் முதலில் ஒரு சிரிப்பு வரும். அடுத்து பழமொழி வரும்: ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம்.

இந்தச் சிரிப்பு சோம்பேறித்தனமானது என்பது என் கட்சி. அதைவிட ஒரு படி மேலே போய், மரத்தைப் பற்றி நாம் எழுதிக் குவித்திருக்கும் உருக்கமான பதிவுகள் அத்தனையையும்விட அந்த வேட்டைக்காரனின் கையில் இருக்கும் ஒரு சாதாரண நைலான் நாடாவில் அறம் அதிகம் என்றும் சொல்வேன்.

என் நிலையையும் சொல்லிவிடுகிறேன். நான் வேட்டையாடியதில்லை, ஆடப்போவதுமில்லை. ஆட்டுக்கறி சாப்பிடுவேன். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்திருப்பது சரி, அது அப்படியே இருக்கட்டும். இது துப்பாக்கிக்கு வக்காலத்து வாங்கும் கட்டுரை இல்லை.

பரண் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது தினைப்புனம். கிளி விரட்டப் பெண்கள் ஏறி அமர்ந்த மேடையை நம் பழைய கவிதைகள் இதணம் என்றும் பரண் என்றும் சொல்கின்றன. அந்தப் பரணின் வேலையே சத்தம் போடுவது. நான் இங்கே ஒருத்தி இருக்கிறேன், பக்கத்தில் வராதே என்று ஊரைக் கூட்டுவது. ஜிம் கார்பெட் புலிக்காக ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்த பரணுக்கு இந்தியில் வேறு பெயர்: மச்சான். (தமிழ்நாட்டில் அந்தப் பெயரை வைத்துக்கொண்டு சீரியஸாக எதுவும் பேச முடியாது, அதனால் பரண் என்றே வைத்துக்கொள்கிறேன்.) மிச்சிகனின் பரணும் இந்த இரண்டாவது வகைதான். அதில் இருப்பவன் இல்லாதவன் மாதிரி இருக்க வேண்டும்.

அங்கே துப்பாக்கியால் மான் வேட்டையாடும் முக்கியக் காலம் நவம்பர் 15-இல் தொடங்கும். பொங்கல் மாதிரி. மாநிலத்தின் வடக்கில் பல ஊர்களில் பள்ளிக்கூடமே லீவு விடுவார்கள். அலுவலகத்தில் அன்று மீட்டிங் வைத்தால் பாதிப் பேர் வர மாட்டார்கள். சிக்கல் என்னவென்றால், நவம்பர் நடுவில் மேப்பிள் மரங்களில் ஓர் இலை இருக்காது. மொட்டை மரத்தில் 15, 20 அடி உயரத்தில் ஒரு மனுஷன் உட்கார்ந்திருந்தால், வானத்தின் பின்னணியில் கரிக்கட்டியால் வரைந்த மாதிரி தெரிவான். வெள்ளைவால் மானுக்கு சிவப்பும் ஆரஞ்சும் சரியாகத் தெரியாது. அதனால்தான் வேட்டைக்காரர்கள் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சுச் சட்டை போட்டும் தப்பிக்கிறார்கள். ஆனால் நீலம் நன்றாகத் தெரியும். உருவத்தின் விளிம்பு தெரியும். அசைவு எல்லாவற்றையும்விட நன்றாகத் தெரியும்.

ஆக, ஒளிய வேண்டும். எப்படி?

சோம்பேறியின் வழி எளிது. நேராக வளர்ந்த மரமாகப் பார்த்து, திருகுப்படிகளை முறுக்கி இறக்கு. ஒன்றரை அடிக்கு ஒன்று என்றால் 20 அடிக்கு 13 ஓட்டை. மேலே பலகை வைத்து ஆணி அடி. சுற்றிலும் அதே மரத்தின் கிளைகளை வெட்டிச் சொருகு. பார்வைக்கு இடைஞ்சலாக இருக்கும் கிளைகளை அரிவாளால் கொத்து. ஒரு மணி நேர வேலை.

விஷயம் தெரிந்தவர் செய்வது வேறு. என்னோடு வேலை பார்த்த ஒருவர் ஆகஸ்டிலேயே காட்டுக்குப் போய் மரம் பார்த்துவிட்டு வருவார். பெண் பார்க்கும் படலம் மாதிரி அதற்கு ஒரு பட்டியலே வைத்திருந்தார். மரம் உயிரோடு, நல்ல கட்டுக்கோப்போடு இருக்க வேண்டும். 2002-இல் டெட்ராய்ட் பக்கம் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு மரகதப்பச்சை வண்டு அந்த வட்டாரத்து ஆஷ் மரங்களைக் கோடிக்கணக்கில் கொன்றுவிட்டது. செத்த ஆஷ் நின்றபடியே நொறுங்கும், அதில் ஏறவே கூடாது. பின்னணியில் ஹெம்லாக், சீடார் மாதிரி குளிர்காலத்திலும் பச்சையாக நிற்கும் மரம் இருந்தால் வானம் மறையும். இல்லையென்றால் ஓக்கோ பீச்சோ பார்க்கலாம். இவற்றின் இளமரங்கள் காய்ந்த இலைகளை உதிர்க்காமல் பனிக்காலம் வரை பிடித்துக்கொண்டிருக்கும். கவட்டை பிரிந்த மரம், இரண்டு மூன்று அடிமரங்கள் சேர்ந்து எழும்பிய மரம் இன்னும் நல்லது. மான் வரும் தடத்துக்கு மறுபக்கம் பரணைக் கட்டினால் அடிமரமே திரை.

அதாவது, மறைவுக்கு முதல் வழி ஏற்கெனவே மறைவாக இருக்கும் மரத்தைத் தேடுவது. தேடத் துப்பில்லாதவன்தான் வெட்டுகிறான்.

தேடியது போதாதபோது மேல்பூச்சு. காற்றில் விழுந்து கிடக்கும் கிளைகளைப் பொறுக்கி, சணல் கயிற்றால் பரணின் கம்பியில் கட்டுவார்கள். கவனியுங்கள், பரணில். மரத்தில் இல்லை. பரணைக் கழற்றினால் அலங்காரமும் சேர்ந்து இறங்கிவிடும். மென்பொருள் எழுதுகிற எனக்கு இது உடனே புரிந்தது. அன்இன்ஸ்டால் செய்த பிறகு சிஸ்டத்தில் ஒரு ஃபைல்கூட மிச்சம் வைக்காத புரோகிராம் எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். நாம் எழுதுவதில் பெரும்பாலானவை குப்பை போட்டுவிட்டுத்தான் போகின்றன.

இனி மரத்தின் பக்கம் வருவோம். "அத்தாம் பெரிய மரம், ஒரு ஆணியில என்ன ஆயிடும்" என்று கேட்பவர்கள் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தை மறந்தவர்கள். மரத்தின் உயிரோட்டம் நடுவில் இல்லை. நடுவில் இருப்பது பெரும்பாலும் செத்த கட்டை. இலையில் தயாரான சாப்பாட்டை வேர் வரைக்கும் இறக்கும் புளோயம், புதுத் திசுவைப் பிறப்பிக்கும் கேம்பியம், இரண்டும் பட்டைக்கு உள்பக்கம் ஒட்டிய மெல்லிய அடுக்குகள். நூறடி மரத்தின் உயிர் அந்த மெல்லிய உறையில் ஓடுகிறது. அதில் ஒரு வளையம் முழுமையாக அறுபட்டால் வேர் பட்டினியில் சாகும். மரம் அடுத்த நாளே விழாது. ஒன்றிரண்டு வருடம் ஒப்புக்கு இலை விட்டுவிட்டுச் சாகும். கொன்றவன் யாரென்று அப்போது யாருக்கும் ஞாபகம் இருக்காது.

அமெரிக்க வனத்துறையில் வேலை பார்த்த அலெக்ஸ் ஷைகோ என்ற ஆய்வாளர் சங்கிலி வாளால் ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்து உள்ளே பார்த்தார். காயம் பட்ட மரம் நம் தோல் மாதிரி ஆறுவதில்லை என்பது அவர் காட்டியது. கெட்டுப்போன பகுதியைச் சுற்றி மரம் சுவர் எழுப்பும். அந்தச் சுவருக்கு வெளியே புதிதாக வளரும். காயம் உள்ளேயே இருக்கும், மரம் சாகும் வரைக்கும். ஒரு மரத்தை அறுத்துப் பார்த்தால் அதற்கு யார் எப்போது என்ன செய்தார்கள் என்று வருடக்கணக்கோடு படிக்கலாம். மரம் உயரும்போது ஆணியும் மேலே போய்விடும் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு செய்தி: மரம் நுனியில்தான் உயர்கிறது. நீங்கள் நெஞ்சுயரத்தில் அடித்த ஆணி உங்கள் பேரன் காலத்திலும் நெஞ்சுயரத்தில்தான் இருக்கும், பட்டைக்குள் புதைந்து. என்றைக்காவது அந்த மரம் மில்லுக்குப் போனால் வாளின் பல்லை உடைக்கும்.

ஆணி வேண்டாம், நாடாவால் கட்டினால் எல்லாம் சரியா? அதுவும் இல்லை. ஒரு கணக்கு போடுவோம். மரம் வருடத்துக்கு 3 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு வளையம் போடுகிறது என்று வையுங்கள். விட்டம் 6 மில்லிமீட்டர் கூடும், சுற்றளவு கிட்டத்தட்ட 19 மில்லிமீட்டர் கூடும். இறுக்கிக் கட்டிய நாடா நீளாது. ஐந்து வருடம் அப்படியே விட்டால் 9 சென்டிமீட்டருக்கு மேல் பற்றாக்குறை. அந்த 9 சென்டிமீட்டரை நாடா மரத்தின் கழுத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். ஆணி அடிக்காத உத்தமன், நாடாவைக் கழற்ற மறந்தால் தூக்குக்கயிறு போட்டவன் ஆகிறான். அதனால்தான் வருடாவருடம் கழற்றச் சொல்கிறார்கள். வெயிலிலும் பனியிலும் இற்றுப்போன நாடா மேலே இருப்பவனையும் கீழே தள்ளும் என்பது கூடுதல் காரணம்.

கிளை வெட்டுவதிலும் இப்படியொரு நுணுக்கம் உண்டு. மிச்சிகனில் ஓக் மரங்களைக் கொல்லும் ஒரு பூஞ்சை நோய் இருக்கிறது. புதிதாக வெட்டிய காயத்தின் வாசனைக்கு வரும் சிறு வண்டுகள் அதைக் கொண்டுவருகின்றன. சிவப்பு ஓக் வகை என்றால் சில வாரங்களில் மரம் காலி. அங்கேயே நிற்காது. பக்கத்து ஓக்குகளோடு மண்ணுக்கடியில் வேர்கள் பின்னிப்பிணைந்திருக்கும், அந்த வழியாக நோய் தோப்புக்குள் பரவும். எனவே ஏப்ரல் 15 முதல் ஜூலை 15 வரை ஓக் மரத்தில் கத்தி வைக்காதீர்கள் என்று அங்கே சொல்லி வைத்திருக்கிறார்கள். பார்வைக்கு வழிவிட ஒருவன் மே மாதத்தில் ஒரு கிளையை அலட்சியமாக வெட்டினால் ஒரு தோப்பே போகலாம். அக்கறை என்பது தேதியோடு வருகிறது, பாருங்கள். "மரங்களை நேசிப்போம்" என்ற வாசகத்தில் அந்தத் தேதி இருக்காது.

எனக்கு மிகவும் பிடித்தது சட்டத்தின் ஒரு முரண். மிச்சிகனில் பொது நிலத்தில், மரத்தின் கேம்பியத்தைத் துளைக்கும் எந்தப் பொருளையும் பரண் கட்டவோ ஏறவோ பயன்படுத்தக் கூடாது. சட்டத்துக்குள் கேம்பியம் என்ற சொல்லே இருக்கிறது. அதோடு, பரணில் வேட்டைக்காரரின் பெயரும் முகவரியும், அல்லது அவரை அடையாளம் காட்டும் அரசு எண்ணும், தரையில் நிற்பவர் படிக்கும்படி எழுதியிருக்க வேண்டும். மானின் கண்ணிலிருந்து ஒளிந்துகொள், மனுஷன் கண்ணிலிருந்து ஒளியாதே. பெயர் எழுதிவிட்டதால் அந்த இடம் உனக்குச் சொந்தமும் ஆகிவிடாது. நீ வருவதற்கு முன் வேறொருவர் வந்து உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். பெயர் பொறுப்புக்காக மட்டும்.

இதைக் கண்காணிக்க ஆள் இருக்கிறார்களா என்றால், லட்சக்கணக்கான ஏக்கர் காட்டில் ஓர் அதிகாரி எத்தனை மரத்தை அண்ணாந்து பார்ப்பார்? விதி ஓடுவது பெரும்பாலும் தனியாக இருப்பவனின் மனசாட்சியில்தான். பக்கத்து மாநிலமான விஸ்கான்சினில் வாழ்ந்த ஆல்டோ லியோபோல்ட் வேட்டைக்காரர், சூழலியலாளர் இரண்டுமாக இருந்தவர். கைதட்டவோ கண்டிக்கவோ ஆளில்லாத இடத்தில் ஒருவன் எப்படி நடந்துகொள்கிறான் என்பதில் வேட்டையின் அறம் இருக்கிறது என்ற பொருளில் அவர் எழுதிய நூல் 1949-இல் வந்தது. வேட்டைக்காரன் என்ற இடத்தில் புரோகிராமர், காண்ட்ராக்டர், கவுன்சிலர் என்று எதைப் போட்டாலும் வாக்கியம் நிற்கும்.

சரி, மானுக்கு வருகிறேன். அதைத் தாண்டி ஓட முடியாது.

"உயிரைக் கொல்றவன் பட்டையைக் காப்பாத்துறது பாசாங்கு" என்ற வாதத்தின் உள்ளே ஒரு கணக்குப் பிழை இருக்கிறது. பெரிய தப்பு செய்பவன் சின்ன நல்லதைச் செய்யத் தகுதியற்றவன் என்று அது சொல்கிறது. அப்படியென்றால் கோழி சாப்பிடுபவன் நாய்க்குத் தண்ணீர் வைக்கக் கூடாது. கார் வைத்திருப்பவன் பிளாஸ்டிக்கைத் தவிர்க்கக் கூடாது. இந்தத் தர்க்கத்தில் கடைசியில் மிஞ்சுவது எதுவுமே செய்யாமல் எல்லோரையும் நக்கலடிப்பவன்தான். அவனுக்கு அது வசதி. மானின் கணக்கு ஒரு நோட்டு, மரத்தின் கணக்கு இன்னொரு நோட்டு. முதலாவதில் அவன் கடன்காரன் என்று நீங்கள் நினைத்தால் தாராளமாக வாதாடுங்கள், நானும் கேட்கிறேன். ஆனால் இரண்டாவது நோட்டை அதற்காகக் கிழிக்காதீர்கள்.

இன்னொன்று, அந்தப் பழமொழி ஓநாய். மிச்சிகனின் கீழ்த் தீபகற்பத்தில் ஓநாய்க் கூட்டங்கள் நிலையாக வாழ்ந்து நூறாண்டுக்கு மேல் ஆகிறது. மனிதர்கள் கொன்று தீர்த்துவிட்டார்கள். மான் மிகுந்த காடுகளில் மரக்கன்றுகள் தலையெடுப்பதில்லை, முளைப்பதையெல்லாம் மான் மேய்ந்துவிடும். அதனால் வேட்டை புனிதம் என்று நான் சொல்ல வரவில்லை. மான் ஒருபக்கம், மரம் மறுபக்கம், நடுவில் வில்லன் என்ற சினிமாக் கதை அந்தக் காட்டில் ஓடாது என்று மட்டும் சொல்கிறேன்.

வேட்டைக்காரர்களுக்கும் நான் சர்டிஃபிகேட் கொடுக்கவில்லை. சொல்லப்போனால் அவர்கள் மேல்தான் எனக்குப் பெரிய புகார். இந்த விதி பொது நிலத்துக்குத்தான். சொந்த நிலத்தில் அதே ஆள் மூன்று மரங்களுக்கு நடுவே பலகை வைத்து ஆறங்குல ஆணி அடிக்கலாம், கேட்க நாதியில்லை. பலகை மக்கி விழுந்த பிறகும் ஆணிகள் துருப்பிடித்து நீட்டிக்கொண்டிருக்கும். மரத்துக்குப் பட்டாவா தெரியும்? தன்னுடையது என்றதும் தளர்கிற ஒழுக்கம் அபராதத்துக்குப் பயந்த ஒழுக்கம். போதாததற்குக் கடையில் விற்கும் பிளாஸ்டிக் இலைத் தோரணங்கள் வேறு. காட்டில் மறைவதற்காக வாங்கி, காட்டிலேயே விட்டுவிட்டு வந்தால், மரம் மக்கினாலும் அந்த இலை மக்காது. நல்ல மரமாகத் தேடும் பொறுமையைக் காசு கொடுத்து வாங்க முடியாது என்பதால் அதற்குப் பதிலாக விற்கப்படும் சரக்கு அது.

இதையெல்லாம் தமிழில் எதற்குச் சொல்ல வேண்டும்? நம்மிடம் பரண் வேட்டை கிடையாதே?

கிடையாது. மரம் இருக்கிறது. நம் ஊரில் எந்த நிழற்சாலையில் வேண்டுமானாலும் நடந்து பாருங்கள். தூங்குமூஞ்சி மரத்தில் டியூஷன் சென்டர், வேம்பில் "மூலம், பௌத்திரம்", புங்கனில் "பேயிங் கெஸ்ட் தேவை". ஒவ்வொன்றும் தகரப் பலகை, நான்கு மூலையிலும் நான்கு ஆணி. பெயர் உண்டு, முகவரி உண்டு, போன் நம்பர் கொட்டை எழுத்தில் உண்டு. அங்கே பெயரைக் கட்டாயமாக்கி ஆணியைத் தடுத்தார்கள். இங்கே பெயரையே ஆணியால் அடிக்கிறோம். ஒளியவேண்டிய அவசியம்கூட இல்லாமல், பட்டப்பகலில். திருவிழா முடிந்த பிறகும் அடிமரத்தை இறுக்கிக்கொண்டிருக்கும் சீரியல் செட் கம்பியைக் கழற்ற எந்தக் கமிட்டிக்கு நேரம் இருக்கிறது? அந்த 19 மில்லிமீட்டர் கணக்கு வேம்புக்கும் பொருந்தும்.

"நான் ஆணி அடிக்கல, போட்டோதான் எடுக்கிறேன்" என்பவருக்கும் ஒரு வார்த்தை. கேமராக்காரனும் ஒளிந்திருப்பவன்தான். கூட்டில் குஞ்சு இருக்கும்போது படம் தெளிவாக விழ வேண்டும் என்று முன்னால் இருக்கும் இலைகளைக் கிள்ளி எறிபவர்கள் இருக்கிறார்கள். தாய்ப்பறவை தேர்ந்தெடுத்த மறைவு அது. அதை அகற்றினால் காக்கைக்கும் பாம்புக்கும் வழிகாட்டியாகிறது. வெயிலும் நேராக விழும். கூட்டுப் படங்களை ஏற்பதில்லை என்று அறிவித்த ஒளிப்படக் குழுக்கள் இருப்பதற்குக் காரணம் இதுதான். ரத்தம் சிந்தாததால் கை சுத்தம் என்று நினைப்பது வசதியான நம்பிக்கை. தன் மறைவுக்காகக்கூட ஒரு கிளையை வெட்டாத வேட்டைக்காரனுக்கும், லைக்குக்காகப் பறவையின் மறைவைக் கிள்ளும் ரசிகனுக்கும் நடுவில் ஒருவரைத்தான் காட்டுக்குள் விடலாம் என்றால், மரம் யாரைக் கேட்கும்?

நேசம் என்ற சொல்லின் மேல் எனக்கு நம்பிக்கை குறைந்துவிட்டது. அதை அளக்க முடியாது, சோதிக்க முடியாது, பொய்யென்று நிரூபிக்க முடியாது. "மரத்தை வைத்தவன் தண்ணி ஊத்துவான்" என்று விட்டுவிட்டுப் போகிற நேசம் அது. கேம்பியத்தைத் துளைத்தாயா இல்லையா என்ற கேள்விக்கு ஆமாம், இல்லை என்ற இரண்டே பதில்கள். அந்த மாதிரிக் கேள்விகள்தான் மரத்தைக் காப்பாற்றும்.

நம் ஊருக்கு ஒரே ஒரு விதி போதும் என்று தோன்றுகிறது. மரத்தில் எதை மாட்டினாலும், கழற்றிய மறுநாள் அங்கே ஏதோ இருந்தது என்று யாராலும் சொல்ல முடியக் கூடாது. கழற்றும் தேதியை மாட்டும்போதே எழுத வேண்டும், கீழே உங்கள் பெயரோடு. கோயில் கமிட்டிக்கும் கட்சிக்கும் கிளினிக்குக்கும் பறவை ஆர்வலருக்கும் இது ஒன்றுதான்.

மான் விவாதத்தை நாம் எப்போது வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். அதற்கு முன் உங்கள் தெரு மரத்தை ஒருமுறை சுற்றிவந்து பாருங்கள். மேலாக நிற்கும் புது ஆணிகளை, பட்டை பிய்யாமல் வரும் என்றால், மெதுவாகக் கழற்றுங்கள். பட்டைக்குள் புதைந்துபோனவற்றைத் தொடாதீர்கள். அவற்றைத் தோண்டினால் இன்னொரு காயம்தான் மிஞ்சும். மரம் அவற்றைச் சுற்றிச் சுவர் எழுப்பி எவ்வளவோ நாளாகிவிட்டது.